பித்தநாளப் புற்றுநோய்: சூத்திரம் தீர்ப்பு எழுதலாமா?

பித்தநாளப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் திரும்பி வருகிறது. அவர்களில் பலருக்கு ஓராண்டு முடிவதற்குள்ளேயே வந்துவிடுகிறது. இந்த உண்மையிலிருந்து ஒரு கருத்து கிளம்பி, கல்லீரல் அறுவை மருத்துவத்தில் இன்று ஒலிக்கிறது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கணினி மாதிரி ஆகியவற்றைக் கொண்டு யாருக்கு நோய் சீக்கிரம் திரும்பும் என்று முன்கூட்டியே கணித்துவிடலாம். அப்படித் திரும்பக்கூடியவர்களுக்கு அறுவையே வேண்டாம் என்று முடிவெடுக்கலாம் என்பதே அந்தக் கருத்து. இதன் முதல் பாதி மிகை. இரண்டாம் பாதி ஆபத்து.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். இது சாதாரண அறுவை அல்ல. கட்டி கல்லீரலின் வாயிலில் இருந்தால் கல்லீரலில் பாதியையோ அதற்கு மேலுமோ எடுக்க வேண்டும்; அதோடு வெளிப் பித்தநாளத்தையும் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டு, மிஞ்சிய நாளங்களைச் சிறுகுடலோடு இணைத்துத் தைக்க வேண்டும். கட்டி கீழே, கணையத்தை ஒட்டி இருந்தால் கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை எல்லாம் சேர்ந்தே போகும். கல்லீரல் வாயில் கட்டிக்கான பெரிய அறுவையில் 90 நாட்களுக்குள் இறப்பவர்கள் மேலை நாட்டு மருத்துவமனைகளின் தொகுப்புகளில் 10 சதவீதத்தைத் தொட்டிருக்கிறார்கள், தாண்டியும் இருக்கிறார்கள். பிழைத்தவருக்கும் பித்தக் கசிவு, சீழ், கல்லீரல் சோர்வு என்று மாதக்கணக்கில் போராட்டம். தேறி எழுந்து உட்காரும் ஆறாம் மாதத்தில் ஸ்கேனில் புதிய புள்ளிகள் தெரிந்தால், பட்ட பாடெல்லாம் எதற்கு என்ற கேள்வி எழத்தான் செய்யும். இந்த வேதனையை யாருக்கு மிச்சப்படுத்தலாம் என்று கேட்பது மனிதாபிமானமுள்ள கேள்வி. அந்தக் கேள்வியை நான் மறுக்கவில்லை. அதற்குத் தரப்படும் விடையைத்தான் மறுக்கிறேன். என் மறுப்புகள் ஆறு.

1. எதைக் கணிக்கிறோம் என்பதிலேயே உடன்பாடு இல்லையே!

ஒரு குழு 6 மாதத்துக்குள் திரும்பினால் சீக்கிரம் என்கிறது. இன்னொரு குழு 12 மாதம் என்கிறது. வேறொரு குழுவுக்கு 24 மாதம். ஆறாம் மாதம் நோய் திரும்பியவரும் இருபத்து மூன்றாம் மாதம் திரும்பியவரும் ஒரே கூடையில் விழும் மாதிரியும் உண்டு. அவர்களைப் பிரித்துவைக்கும் மாதிரியும் உண்டு. ஆனால் எல்லாமே விரைவில் திரும்புதல் என்ற ஒரே பெயரில்தான் புழங்குகின்றன. அந்த இரண்டு நோயாளிகளின் வாழ்க்கையும் ஒன்றா? ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நோயின்றி வாழ்ந்தவருக்கு அறுவை வீண் என்று யார் சொல்ல முடியும்?

இன்னொரு சிக்கல் அடியில் கிடக்கிறது. நோய் திரும்பிய தேதி என்று ஏட்டில் பதிவாவது ஸ்கேன் எடுத்த தேதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனையில் ஒன்பதாம் மாதம் கண்ணில் படும் கட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் இடத்தில் பன்னிரண்டாம் மாதம்தான் படும். உடம்பு சரியில்லை என்று நோயாளி வந்த பிறகே ஸ்கேன் எடுக்கும் இடத்தில் இன்னும் தள்ளிப்போகும். நோய் ஒன்றே, பெயர் மட்டும் சீக்கிரம், தாமதம் என்று மாறுகிறது. அறுவைக்குப் பின் இரண்டாம் மாதமே தொற்றால் இறந்துபோனவரை என்ன செய்வது? அவருக்கு நோய் திரும்பவில்லை என்று கணக்கில் சேர்த்தால் அவர் நல்ல முடிவு கண்டவர் ஆகிவிடுகிறார். கணக்கிலிருந்து நீக்கினால் அறுவையின் ஆபத்தே கணக்கிலிருந்து போய்விடுகிறது. இரண்டுமே பொய்க்கணக்கு.

2. மூன்று நோய்களை ஒன்றாகக் கட்டினால் எந்த நோயைக் கணித்ததாகும்?

கல்லீரலுக்குள் கிளைக்கும் சிறு நாளங்களில் தோன்றும் கட்டி ஒன்று. வலது, இடது நாளங்கள் கூடும் வாயிலில் தோன்றும் கட்டி இன்னொன்று. ஜெரால்டு கிளாட்ஸ்கின் 1965இல் 13 நோயாளிகளை வைத்து இதை விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கீழ்ப்பித்தநாளக் கட்டி மூன்றாவது. மூன்றுக்கும் அறுவை வேறு, ஆபத்து வேறு, மரபணுக் கோளாறுகளும் வேறு. எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணு இணைவும் ஐடிஹெச்1 மாற்றமும் பெரும்பாலும் கல்லீரலுக்குள் தோன்றும் வகையில்தான் காணப்படுகின்றன.

காரணங்களும் ஊருக்கு ஊர் மாறுகின்றன. வடகிழக்குத் தாய்லாந்தின் இசான் பகுதியில் பச்சை நன்னீர் மீனைக் கொத்திச் செய்யும் கோய் பிளா வழியாகக் கல்லீரல் தட்டைப்புழு உடம்புக்குள் போகிறது. நாளங்களில் பல்லாண்டுகள் தங்கி அரித்து, உலகிலேயே இந்தப் புற்றுநோய் மிக அதிகமாகக் காணப்படும் வட்டாரமாக கோன் கேன் பகுதியை ஆக்கியது அதுதான். ஜப்பானின் ஒசாகாவில் ஓர் அச்சகத்தில் வேலைசெய்த, பெரும்பாலும் இளவயதுத் தொழிலாளர்களுக்கு இதே நோய் கொத்தாக வந்தது. அங்கே காரணம் அச்சு எந்திரத்தைத் துடைக்கப் பயன்பட்ட 1,2-டைகுளோரோபுரொப்பேன் என்ற கரைப்பான். மேலை நாடுகளில் பித்தநாளங்கள் தடித்துச் சுருங்கும் நாள்பட்ட அழற்சி ஒரு முக்கியக் காரணம். புழு அரித்த கல்லீரலிலும் ரசாயனம் தாக்கிய கல்லீரலிலும் அழற்சியில் நைந்த கல்லீரலிலும் நோய் ஒரே வேகத்தில் திரும்பும் என்று எதை வைத்து நம்புவது? ஒரு நகரத்தின் ஒரு மருத்துவமனையில் பிறந்த சூத்திரம் அங்கேயே ஒத்துவந்தது என்பது அந்த மருத்துவமனையைப் பற்றிய செய்தி. வேறு நாட்டு நோயாளியைப் பற்றி அது இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

3. அறுத்த பிறகு தெரிவதை வைத்து அறுக்கலாமா என்று எப்படி முடிவெடுப்பது?

நோய் திரும்புமா என்பதை ஓரளவாவது சொல்லக்கூடிய வலுவான அறிகுறிகள் எவை? நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருப்பது, வெட்டிய விளிம்பில் புற்றணுக்கள் எஞ்சியிருப்பது, நுண்ணிய ரத்தக்குழாய்க்குள் நோய் நுழைந்திருப்பது, நரம்பைச் சுற்றிப் படர்ந்திருப்பது. இவை எங்கே தெரிகின்றன? வெட்டி எடுத்த உறுப்பு ஃபார்மலினில் ஊறி, துண்டுதுண்டாக நறுக்கப்பட்டு, மெழுகில் பதிக்கப்பட்டு, சாயமேற்றிய கண்ணாடிச் சில்லாக நோய்க்குறியியல் மருத்துவரின் நுண்ணோக்கிக்குக் கீழே வந்த பிறகு. கணுக்கள் எத்தனை எடுக்கப்பட்டன, அவற்றில் எத்தனையில் நோய் இருந்தது, விளிம்புக்கும் கட்டிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்பதெல்லாம் அந்த அறிக்கையில்தான் வரும். அதற்குள் நோயாளி அறுவை முடிந்து வார்டில் படுத்திருப்பார். இந்த விவரங்களைச் சேர்த்துக் கட்டிய மாதிரி நன்றாகக் கணிக்கிறது என்பதைக் காட்டி, ஆகவே அறுவைக்கு முன்பே ஆளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று வாதிடுவது காலத்தையே தலைகீழாக்குவது.

அறுவைக்கு முன் கையில் இருப்பவற்றைப் பார்ப்போம். கட்டியின் அளவு, எண்ணிக்கை, ஸ்கேனில் வீங்கித் தெரியும் கணுக்கள், பிறகு சிஏ 19-9 என்ற ரத்தக் குறியீடு. இந்தக் கடைசிக் குறியீட்டின் மேல்தான் பல மாதிரிகள் சாய்ந்து நிற்கின்றன. ஆனால் பித்தநாளம் அடைபட்டு மஞ்சள் காமாலை முற்றினாலே சிஏ 19-9 ஏறிவிடும். ஸ்டென்ட் வைத்துப் பித்தம் வடிந்ததும் இறங்கும். அதே நோயாளி, அதே கட்டி. ரத்தம் எடுத்த நாள் மட்டும் வேறு. மக்களில் 100க்கு 5 முதல் 10 பேர் வரை லூயிஸ் ரத்தவகைப் பொருள் இல்லாதவர்கள்; அவர்கள் உடம்பு இந்தக் குறியீட்டைச் சுரப்பதே இல்லை. எவ்வளவு முற்றிய நோய் இருந்தாலும் அவர்களுக்கு எண் தாழ்ந்தே இருக்கும். இப்படி ஆடும் எண்ணை நம்பி ஒருவருக்கு அறுவை மேசையை மறுப்பதா?

4. அறுவை செய்யப்பட்டவர்களை மட்டும் பார்த்துவிட்டு எல்லோருக்கும் விதி எழுதலாமா?

இந்த மாதிரிகள் யாருடைய ஏடுகளிலிருந்து பிறக்கின்றன? கட்டியை முழுமையாக எடுக்க முடிந்தவர்களின் ஏடுகளிலிருந்து. வயிற்றைத் திறந்து பார்த்து, பரவிவிட்டது என்று மூடப்பட்டவர் அதில் இல்லை. தாங்கமாட்டார் என்று மருத்துவர் முன்பே ஒதுக்கியவர் இல்லை. பணமில்லாமலோ பயந்தோ வராமல் போனவரும் இல்லை. அனுபவமுள்ள ஓர் அறுவை மருத்துவர் ஏற்கெனவே சலித்து எடுத்த கூட்டம் அது. சலித்த பிறகு மிஞ்சியவர்களிடம் கற்ற பாடத்தை, இன்னும் சலிக்கப்படாமல் வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்மேல் ஏற்றுவது அடிப்படைத் தர்க்கப்பிழை.

மாதிரிகளின் கட்டுமானத்தையும் பார்க்க வேண்டும். அரிதான நோய் என்பதால் ஒரு மருத்துவமனையில் சில நூறு நோயாளிகளே சேர்வார்கள். ரேடியோமிக்ஸ் என்ற முறையோ ஒரே ஸ்கேன் படத்திலிருந்து நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரத்தைத் தாண்டிய அளவீடுகளைப் பிழிந்தெடுக்கிறது. ஆளைவிட அளவீடு பெருகினால், தற்செயலாக ஒத்துப்போகும் ஏதாவது ஒன்று கட்டாயம் அகப்படும். அகப்பட்டதை அதே ஏட்டிலேயே சோதித்து, ஆபத்துக் கோட்டையும் அதே ஏட்டைப் பார்த்தே கிழித்தால் முடிவு பளபளக்கத்தான் செய்யும். ஒரே மருத்துவமனையின் ஏட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கற்று மறுபாதியில் சரிபார்ப்பதும் வெளிச்சோதனை ஆகாது. முன்கணிப்பு ஆய்வுகள் எவற்றையெல்லாம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ட்ரைபாட் நெறிமுறை 2015லேயே வகுத்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்கென 2024இல் அதைப் புதுப்பித்தும் ஆயிற்று. விதி தெரியவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

5. துல்லியம் 0.8 என்கிறார்களே, அது யாருக்கான துல்லியம்?

அந்த எண்ணின் பொருள் இவ்வளவுதான். நோய் திரும்பிய ஒருவரையும் திரும்பாத ஒருவரையும் எடுத்துக்கொண்டால், திரும்பியவருக்கே கூடுதல் மதிப்பெண் போடும் வாய்ப்பு 80 சதவீதம். இரண்டு பேரை வரிசைப்படுத்தத் தெரியும் என்பதற்கு அது சான்று. மருத்துவர் முன் இரண்டு பேர் வருவதில்லை, ஒருவர்தான் வருகிறார். அவருக்கு என்ன நடக்கும் என்பதை அந்த எண் சொல்வதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறுவைக்குத் தகுதியான 100 பேரில் 40 பேருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பும் என்று வைத்துக்கொள்வோம். திரும்பும் நாலு பேரில் மூன்று பேரையும், திரும்பாத நாலு பேரில் மூன்று பேரையும் சரியாக அடையாளம் காணும் நல்ல மாதிரி ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது 40 பேரில் 30 பேரை ஆபத்துப் பட்டியலில் சேர்க்கும். மீதி 60 பேரில் 15 பேரைத் தவறாகச் சேர்க்கும். பட்டியலில் மொத்தம் 45 பேர். அவர்களுக்கு அறுவை இல்லை என்று சொன்னால், ஓராண்டைத் தாண்டி நோயின்றி வாழ்ந்திருக்கக்கூடிய 15 பேர் அந்த வாய்ப்பை இழக்கிறார்கள். மூன்றில் ஒருவர்! பயப்பட வேண்டாம் என்று அனுப்பப்பட்ட 55 பேரிலும் 10 பேருக்கு நோய் ஓராண்டுக்குள் திரும்பும்.

இதே மாதிரியை 100க்கு 20 பேருக்கு மட்டுமே சீக்கிரம் நோய் திரும்பும் இன்னொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? பட்டியலில் 35 பேர் விழுவார்கள்; அவர்களில் 20 பேர் தவறாக விழுந்தவர்கள். பாதிக்கு மேல். சூத்திரத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. தவறின் அளவு மட்டும் இரண்டு மடங்கை நெருங்குகிறது. எப்போது ஸ்கேன் எடுக்கலாம் என்று முடிவெடுக்க இந்தத் துல்லியம் போதும். வாழும் வாய்ப்பை மறுக்கப் போதாது.

6. கணித்த பிறகு வேறு என்ன தரப்போகிறீர்கள்?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். ஒரு கணிப்பு சிகிச்சையை மாற்றி, அந்த மாற்றம் நோயாளிக்கு நன்மை தந்தால்தான் கணிப்புக்கு மதிப்பு. அறுவையை மறுத்தால் கையில் மிஞ்சுவது கீமோ. கட்டியை எடுக்க முடியாதவர்களுக்கு ஜெம்சிட்டபினோடு சிஸ்பிளாட்டினும் தந்த ஏபிசி-02 சோதனையில் (2010) இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் எட்டிய ஆயுள், 11.7 மாதம். அதோடு டுர்வாலுமாப் சேர்த்த டோபாஸ்-1 சோதனையில் 12.8 மாதம். மறுபக்கம் பிரிட்டனில் 447 பேரைச் சேர்த்த பில்கேப் சோதனையில், அறுவை முடிந்து வேறு மருந்தே பெறாத பிரிவிலும் இந்த அளவு 36 மாதத்தைத் தாண்டியது. இரண்டு கூட்டங்களும் ஒரே நிலையில் இருந்தவர்கள் அல்லர். எடுக்க முடியாத கட்டி முற்றியதாகவே இருக்கும். ஆகவே இடைவெளி முழுவதையும் அறுவையின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. ஆனால் எடுக்கக்கூடிய கட்டியை எடுக்காமல் விட்டால் அதைவிட நல்லது நடக்கும் என்று காட்டும் சான்று எங்கே? சான்று காட்ட வேண்டியவர்கள் அறுவையை மறுக்கச் சொல்பவர்கள்தான்.

சிலர் வேறு பக்கமாக வருகிறார்கள். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மட்டும் அறுவைக்குப் பின் மருந்து கொடுப்போம், மற்றவர்களை விட்டுவிடுவோம் என்கிறார்கள். சோதனைகள் சொல்வது வேறு. பில்கேப்பில் கேப்சைட்டபீன் பெற்றவர்களுக்கு இடைநிலை ஆயுள் 51 மாதம், பெறாதவர்களுக்கு 36. முதன்மைப் பகுப்பாய்வில் புள்ளியியல் கோட்டை அது தொடவில்லை என்றாலும், பல நாடுகளின் வழிகாட்டுதல்கள் அதை ஏற்றன. ஜப்பானின் அஸ்காட் சோதனையில் 440 பேர். எஸ்-1 மருந்து பெற்றவர்களில் 77 சதவீதம் பேர் மூன்றாண்டு தாண்டினார்கள், பெறாதவர்களில் 68 சதவீதம். இரண்டு சோதனைகளும் சூத்திர மதிப்பெண்ணைக் கொண்டு யாரையும் பிரிக்கவில்லை. குறைந்த மதிப்பெண்காரருக்கு மருந்து வேண்டாம் என்று சொல்ல அவற்றில் இடமே இல்லை. கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் பலன் என்ற நம்பிக்கையையும் அடக்கிக்கொள்வது நல்லது. பிரான்சின் பிராடிஜ்-12 சோதனையில் அறுவைக்குப் பின் கொடுத்த ஜெம்சிட்டபின்–ஆக்சாலிபிளாட்டின் கூட்டு பலன் தரவில்லை. ஜப்பானின் பிகேட் சோதனையில் ஜெம்சிட்டபின் மட்டும் கொடுத்ததும் பலன் தரவில்லை. மருத்துவத்தில் நியாயமாகத் தோன்றுவது ஒன்று, நடப்பது வேறு என்பதற்கு இந்த இரண்டே போதும்.

அப்படியானால் கணிப்பே வேண்டாமா? வேண்டும், அதன் இடத்தில். யாருக்கு முதலில் கீமோ கொடுத்துப் பிறகு அறுப்பது நல்லது என்று கண்டறியும் சோதனைகளில் நோயாளிகளை வகைப்படுத்த அது உதவும். தொடர் ஸ்கேன் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று திட்டமிட உதவும். குடும்பத்தோடு ஒளிவுமறைவின்றிப் பேச உதவும். எடுத்த திசுவை மரபணுப் பரிசோதனைக்குத் தயாராக வைக்கச் சொல்லும். எஃப்ஜிஎஃப்ஆர்2 இணைவு உள்ளவர்களுக்கு நோய் திரும்பினால் கொடுக்க இன்று மாத்திரைகள் இருக்கின்றன.

நோயின் சுபாவத்தை அறிய மெய்யான வழியொன்றும் உண்டு. அமெரிக்காவின் மாயோ கிளினிக் வகுத்த முறையில், எடுக்க முடியாத கல்லீரல் வாயில் கட்டியுள்ள சிலருக்கு முதலில் கதிர்வீச்சும் கீமோவும் தருகிறார்கள். பிறகு வயிற்றைத் திறந்து பரவல் உண்டா என்று பார்க்கிறார்கள். பரவாமல் நின்றவர்களுக்குக் கல்லீரல் மாற்று அறுவை. 12 அமெரிக்க மையங்களில் 287 பேரை வைத்து 2012இல் வெளியான ஆய்வில், மாற்றுக் கல்லீரல் பெற்றவர்களில் 65 சதவீதம் பேர் ஐந்தாண்டு நோயின்றி இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. அங்கே ஆளைத் தேர்ந்தெடுத்தது சிகிச்சையும் காத்திருப்பும். மருந்து கொடுத்து, பொறுத்திருந்து, திறந்து பார்த்த பிறகே இல்லை என்று சொன்னார்கள். கணினித் திரையைப் பார்த்துச் சொல்லவில்லை.

மாதிரிகளைக் கட்டுகிறவர்களிடம் என் கோரிக்கை திட்டவட்டமானது. எத்தனை மாதம் என்பதை ஆய்வுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். மூன்று வகைக் கட்டிகளையும் தனித்தனியே பாருங்கள். அறுவைக்கு முன் தெரிபவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அறுவைக்கு முந்தைய கணிப்பைச் செய்யுங்கள். வேறு நாட்டில், வேறு கைகளில் சோதியுங்கள். பிறகு சூத்திரப்படி நடத்தப்பட்டவர்களையும் வழக்கப்படி நடத்தப்பட்டவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து, யார் நீண்டு, நன்றாக வாழ்ந்தார்கள் என்று காட்டுங்கள்.

நோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு சொல். உங்களுக்கு அறுவை பயன்படாது என்று ஒரு மதிப்பெண்ணைக் காட்டி யாராவது சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தச் சூத்திரம் எங்கள் கட்டி இருக்கும் இடத்துக்கென்றே செய்ததா? காமாலை இறங்கிய பிறகு எடுத்த ரத்தத்தை வைத்துப் போட்டதா? இதன்படி அறுவையை விட்டவர்கள் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று எந்தச் சோதனை காட்டியது? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால், இந்த அறுவையை அடிக்கடி செய்யும் வேறொரு மையத்தில் இரண்டாவது கருத்து கேளுங்கள். உடல் தாங்காது என்பதும் கட்டி பரவிவிட்டது என்பதும் அறுவையை மறுக்க நியாயமான காரணங்கள். மதிப்பெண் கூடிவிட்டது என்பது இன்றைய நிலையில் காரணமே அல்ல.